விழுங்கக் கூடாத பாட்டு

பாட்டுக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு என்பதே செல்லையா ஐயா வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை மெலோர் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதுவரை சனங்கள் தம் போக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிடித்தால் "இன்னொரு வாட்டி போடு லா" என்று கத்தினார்கள். பிடிக்காவிட்டால் மண்டபத்துக்கு வெளியே போய் நின்று காய்கறி லாரிகளை வேடிக்கை பார்த்தார்கள். இப்படியும் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்களே என்று செல்லையா ஐயாவுக்குப் பெரிய வருத்தம்.

அவர் தொழிற்சாலையில் தேநீர் சுவைப்பாளராக இருந்தவர். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் ஒரு புரட்டுப் புரட்டி, பக்கத்திலிருக்கும் துப்புத்தொட்டியில் துப்பிவிட வேண்டும். பிறகு தரம் சொல்ல வேண்டும். விழுங்கக் கூடாது. விழுங்கியவன் அடுத்த கோப்பைக்கு லாயக்கில்லாதவன்.

ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் மேட்டுநிலக் கலைச்சுவைத் தர மன்றத்தைத் தொடங்கினார். தொழிற்சாலை கழித்துப்போட்ட துப்புத்தொட்டிகள் மண்டபத்துக்கு வந்தன. பாட்டு, கூத்து, நடனம், சினிமாப் பின்னணி இசை, கல்யாண வீட்டு நாதஸ்வரம், எதுவானாலும் மன்றம் கேட்டுத் தரம் சொன்ன பிறகே மேடையேறலாம். தேயிலைக்குப் போலவே தரம் மூன்று: முழு இலை, நொறுக்கு, தூசு. கேட்டவர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் முழு இலை. கொஞ்சம் ஆனால் நொறுக்கு. கேட்டவர் அழுதாலோ சிரித்தாலோ தாளம் போட்டாலோ தூசு.

ஒலிபெருக்கியும் மண்டபச் சாவியும் மன்றத்திடம் இருந்ததால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ஷாமல் ஒருவன்தான் எதிர்த்துப் பேசினான். அவனுக்குத் தூசு கொடுத்தார்கள். அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவனை யாரும் கூப்பிடவில்லை. இப்போது இரவுச் சந்தையில் அவித்த சோளம் விற்கிறான். சோளத்தைக்கூட ஆட்கள் அவசரமாக வாங்கிக்கொண்டு, எங்கே அவன் ஏதாவது முணுமுணுத்துவிடுவானோ என்று வேகமாக நகர்ந்துவிடுகிறார்கள்.

ரூபன் இதையெல்லாம் அறிந்தவன்தான். தொழிற்சாலை மாடியில் பச்சை இலையை வாட்டும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவன். யார் வம்புக்கும் போகாதவன். ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதைக் கேட்டாலும் இரண்டு வரி சொல்லாமல் இருக்க முடியாது. அவன் மனைவி தனுஜாவோடு கல்யாணப் பேச்சு நடந்ததே அப்படித்தான். கோயிலில் அவள் பாடி முடித்ததும், "நல்லா இருந்துச்சு. மூணாவது வரியில சுருதி இறங்கிருச்சு" என்று நேரே போய்ச் சொன்னான். அவள் முறைத்தாள். அடுத்த வாரம் அந்த மூன்றாவது வரியைச் சரியாகப் பாடிவிட்டு அவனைத் தேடிப் பார்த்தாள். அன்றிலிருந்து எந்த மேடையில் பாடினாலும் அவள் கண் அவன் முகத்தில்தான் இருக்கும். சுருதி இறங்கினால் அவன் புருவம் ஏறும். அவள் சரி செய்துகொள்வாள்.

கோலா தெர்லா ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து எடுத்த ஒரு படத்தை மண்டபத்தில் போட்டார்கள். பார்த்துவிட்டு வந்து ரூபன் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினான்: "படம் நல்லா இருக்கு. பின்னணி இசைதான் தொல்லை. அம்மா சாகும்போது இவ்ளோ டிரம்ஸ் எதுக்கு? அவங்க கடைசியா என்ன சொன்னாங்கன்னே கேக்கல. ஆனா கடைசிப் பாட்டு வாயிலயே நிக்குது, போக மாட்டேங்குது."

மறுநாள் காலை தங்கராஜு கிராணி வாட்டும் தொட்டிவரைக்கும் நேரிலேயே வந்துவிட்டார். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் மனிதர், மன்றத்திலும் உறுப்பினர். அவர் மாடி ஏறி வந்து யாரும் பார்த்ததில்லை.

"டேய் ரூபா, மன்றத்துல கூப்பிடுறாங்க."

"எதுக்கு கிராணியாரே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. சாயங்காலம் வந்துரு. வாய கொப்புளிச்சிட்டு வா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனுஜா மன்றத்தின் முன்னால் பாட வேண்டிய நாள். அதில் தரம் கிடைத்தால்தான் மாரியம்மன் கோயில் திருவிழா மேடை. அந்த மேடைக்காக அவள் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறாள். சுற்றுலாக்காரர்களுக்குத் தேநீர் கொண்டுபோய் வைக்கும் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும்போது பாடிப் பழகுகிறாள். அவளுக்கும் தூசு விழுந்தால்? தலையில் துண்டு கட்டிக்கொண்டு அவள் சோளம் விற்பது போல அவன் கண்ணுக்குள் ஒரு காட்சி வந்து போனது.

மண்டபத்தில் நாற்காலிக்கு ஒரு துப்புத்தொட்டி இருந்தது. நடுவில் செல்லையா ஐயா. வலப்பக்கம் செயலாளர் புனிதா டீச்சர். எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர், மடியில் ஒரு பித்தளை மணி. இடப்பக்கம் தங்கராஜு கிராணி, ரூபனை முன்பின் பார்த்திராதவர் போல.

"உக்காரு தம்பி. பயப்படாதே" என்றார் செல்லையா ஐயா. "பயந்தா முகம் ஆடும். முகம் ஆடினா நாங்க கவனிக்க வேண்டியதாப் போயிடும்."

"ஐயா, டிரம்ஸ் அதிகம்னு எழுதினது தப்புத்தான். மன்னிச்சிருங்க."

"டிரம்ஸ் அதிகந்தான். அதுல எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லே. கடைசி வரி என்னா எழுதின?"

ரூபன் யோசித்தான். "கடைசிப் பாட்டு வாயிலயே நிக்குதுன்னு..."

புனிதா டீச்சர் தன் துப்புத்தொட்டியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கிராணி கண்ணை மூடினார்.

"வாயில நிக்குது. துப்பலே. அப்படின்னா?"

"அப்படின்னா... புடிச்சிருந்துச்சுங்க."

"விழுங்கிட்டே" என்றார் செல்லையா ஐயா, டாக்டர் வியாதியின் பெயரைச் சொல்வது போல. பிறகு எழுந்து நின்றார். அவர் எழுந்தால் அது பேச்சு. "தம்பி, நான் வாழ்நாள் முழுக்கத் தேத்தண்ணி சுவைச்சேன். இந்த மலையில முளைச்ச எல்லா இலையும் என் நாக்கு மேல நடந்து போயிருக்கு. ஒரு மொடக்கு விழுங்கினதில்லே. வீட்டுலயும் சுடுதண்ணிதான். தேத்தண்ணி குடிச்சா எப்படி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதனாலதான் என் தீர்ப்பை ஒருத்தனும் தப்புன்னு சொன்னதில்லே. தெரிஞ்சவன் சாய்வான். தெரியாதவன்தான் நடுவுல நிப்பான்."

புனிதா டீச்சர் கைதட்டினார். ஓசை வராமல் தட்டும் பழக்கம் அவருக்கு இருந்தது.

"நானும் பதவிக்கு வந்த நாள்ல இருந்து பாட்டே கேக்கறதில்லே, மிஸ்டர் ரூபன்" என்றார். "கேட்டா ஒண்ணு புடிக்கும், ஒண்ணு புடிக்காது. அது பாரபட்சம் இல்லையா?"

தண்டனை என்னவென்று ரூபன் கேட்பதற்கு முன்பே அவர்களாகவே சொன்னார்கள். தண்டனை இல்லை, பயிற்சி. பயிற்சி முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில், ஐயாவுக்குப் பக்கத்தில், பயிற்சி விமர்சகனாக அவன் உட்கார வேண்டும். எந்தப் பாட்டுக்காவது முகம் ஆடினால் அவனை ஒன்றும் செய்யமாட்டார்கள்.

"விழுங்கினவன் பாவம், அவன் மேல என்னா தப்பு?" என்றார் செல்லையா ஐயா கனிவாக. "ஊட்டினவங்களுக்குத்தான் தூசு."

"ஐயா, அன்னிக்கு என் வீட்டுக்காரிதான் பாடுறா."

"தெரியும். அதனாலதான் உன்னைப் போட்டோம். நீ ஆடலேன்னா யாரும் ஆட மாட்டாங்க."

பயிற்சி மறுநாளே தொடங்கியது. ஒரு தாலாட்டைப் போட்டார்கள். கேட்டு, வாய் கொப்புளித்து, துப்பினார்கள். ஒரு ஒப்பாரி, கேட்டு, கொப்புளித்து, துப்பினார்கள். துப்பிய பிறகு பாட்டு எப்படி இருந்தது என்று ஐயா கேட்பார். "எந்தப் பாட்டு ஐயா?" என்று கேட்பதுதான் சரியான விடை. கிராணி அந்த விடையைச் சட்டென்று சொல்லிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொள்வார்.

பிறகு முணுமுணுப்பு ஒத்திகை. தீப்பிடித்தால் என்ன செய்வது என்று தொழிற்சாலையில் ஒத்திகை பார்ப்பார்களே, அது போல.

"சுவை அறையில ஒருத்தன் கருவாடு பொரிச்சான்னு வச்சிக்க" என்று ஐயா விளக்கினார். "எல்லாக் கோப்பையும் கருவாடுதான். முணுமுணுப்பும் அப்படி. ஒருத்தன் வாயில கிளம்பினா மண்டபம் பூரா ஒட்டிக்கும். அதனால எவனாவது முணுமுணுத்தா, உறுப்பினர்கள் அந்த நொடியே ரெண்டு காதையும் விரலால அடைச்சிக்கணும். கண்ணையும் மூடிக்கணும். முணுமுணுப்பு நின்னதும் செயலாளர் மணியடிப்பாங்க. மணி கேட்டாத்தான் விரலை எடுக்கணும்."

கிராணி ஒரு பக்திப் பாட்டை முணுமுணுத்து ஒத்திகையைத் தொடங்கி வைத்தார். எல்லோரும் விரலைக் காதில் செருகிக் கண்ணை மூடினார்கள். புனிதா டீச்சரும் செருகிக்கொண்டார், விதி எல்லோருக்கும்தானே. மணி அவர் மடியில் இருந்தது. முணுமுணுப்பு எப்போதோ நின்றிருக்க வேண்டும். ரூபனுக்குத் தன் காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கை வலித்தது. எடுக்கப் பயம். கடைசியில், சுடச்சுடப் பொரித்த பீசாங் கோரெங் வாழைப்பழப் பொட்டலத்தோடு உள்ளே வந்த வேலாயி அக்கா, மண்டபம் கூட்டுகிறவர், டீச்சரின் தோளைத் தட்டி, "என்னா டீச்சர், காதுல பூச்சியா?" என்று கேட்ட பிறகுதான் மணி அடித்தது.

"ஒத்திகை சிறப்பு" என்றார் ஐயா.

ரூபன் தனுஜாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் பாடமாட்டேன் என்பாள், அல்லது மன்றத்துக்கே போய்ச் சண்டை போடுவாள். இரண்டும் தூசுதான். அவள் தேர்ந்தெடுத்திருந்தது எந்தப் பாட்டு என்று அன்று ராத்திரிதான் அவனுக்குத் தெரிந்தது. அதே பாட்டு. கோலா தெர்லா படத்தின் கடைசிப் பாட்டு.

*இறங்குற லாரிக்கு ஏறின மலை தெரியுமா...*

அடுப்படியிலிருந்து பாடிக்கொண்டே அவள் எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தைச் சுவர் போல வைத்துக்கொண்டிருந்தான். லெம்பா பெர்த்தாமில் அக்காள் வீட்டுக்குள் வெள்ளத்தோடு சேறு ஏறி வந்த நாளை நினைத்துக்கொண்டால் முகம் ஆடாது என்று கண்டுபிடித்திருந்தான். சேற்றையும், அதில் மிதந்த அலமாரியையும் விடாமல் நினைத்தான்.

"எப்படிங்க இருக்கு?"

"எந்தப் பாட்டு?"

தனுஜா துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து அவன் எதிரில் நின்றாள். "என்னா எந்தப் பாட்டு? இப்ப ஒங்க முன்னாடிதானே பாடினேன்? நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லுங்க. புதுசா வேற எவளாவது பாடுறாளா?"

"இல்ல தனு..."

"அப்ப ஏன் மூஞ்சி தேயிலை மூட்டை மாதிரி இருக்கு?"

அவன் எழுந்து வெளியே போய்க் காறித் துப்பினான். பழக்கமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது அவள் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் பாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பனி மண்டபத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. லயத்து வீட்டுச் சனங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வராதவர்களைத்தான் மன்றம் முதலில் கவனிக்கும். வரவேற்புரை, தலைமையுரை, தலைமையுரைக்கு நன்றியுரை. ஐயாவுக்குப் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை. புனிதா டீச்சர் மன்றத்தின் சாதனையைச் சொன்னார்: "முன்னாடியெல்லாம் நம்ம தோட்டத்துல நிகழ்ச்சின்னா ஒரே சத்தம், விசில், அழுகை. இப்ப பாருங்க, எவ்வளவு அமைதி! கலை இருந்தும் நம்மால நிம்மதியா இருக்க முடியும்னு நிரூபிச்சிருக்கோம்."

முதலில் பிரிஞ்சாங்கிலிருந்து வந்த ஒரு பலகுரல் கலைஞர். மோட்டார் சைக்கிள் மலை ஏறுவது போலவும், சேவல் ஒன்று துரையிடம் லீவு கேட்பது போலவும் செய்து காட்டினார். துரைக்குச் சேவல் சல்யூட் அடித்தபோது பின்வரிசையில் ஒரு அம்மா முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். வேறு அசைவில்லை. கலைஞர் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"முழு இலை" என்றார் ஐயா. "கலைஞர் கலங்கியிருக்கார். அது தரத்தைப் பாதிக்காது."

அடுத்தது தனுஜா. மயில்கழுத்து நிறச் சேலை. ஒலிவாங்கித் தண்டின் முன்னால் வந்து நின்றாள். ரூபன் துப்புத்தொட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டான். சேறு, அலமாரி. சேறு, அலமாரி.

அவள் தொடங்கினாள்.

*இறங்குற லாரிக்கு ஏறின மலை தெரியுமா...*

வழக்கம் போலக் கண் அவனைத் தேடியது. கண்டுபிடித்தது. அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. நல்லா இல்லை என்பதுகூட இல்லை. அவள் குரல் ஒரு படி இறங்கியது. அவன் புருவம் ஏறவில்லை. இன்னொரு படி இறங்கியது. பிறகு நின்றுவிட்டது.

மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அவள் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை.

செல்லையா ஐயா மெல்ல எழுந்தார். அவர் உதடு துடித்தது.

"இதான்!" என்றார். "எத்தனை நாளாத் தேடினேன்! கோப்பை இருக்கு, ஆவி இருக்கு, வாயில வச்சா ஒண்ணுமே இல்லே. துப்பக்கூட வேண்டியதில்லே! முழு இலைக்கும் மேல! திருவிழாவுல அம்மன் மேடையில இந்தப் பொண்ணு இதே மாதிரி நிக்கணும். இதே மாதிரி, ஒரு சத்தம் இல்லாம. இனிமே எல்லா வருஷமும் இவதான்."

புனிதா டீச்சர் ஓசையில்லாமல் கைதட்டினார். சனங்களும் ஓசையில்லாமல் தட்டினார்கள். கிராணி பொன்னாடையோடு மேடையேறினார். தனுஜா அசையாமல் நின்றாள். திருவிழா மேடை கிடைத்துவிட்டது. பாடாமல் இருந்தால் போதும், வருஷா வருஷம். அவள் கழுத்தில் பொன்னாடை விழுந்தபோது, ஏதோ ஈரத்துணி விழுந்தது போல் அவள் தோள் சுருங்குவதை ரூபன் பார்த்தான்.

கிராணி இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

ரூபன் சேற்றை நினைத்தான். அலமாரியை நினைத்தான். சேறு வரவில்லை, அலமாரி வரவில்லை. தொண்டைக்குள் கிடந்த ஒன்றுதான் மேலே வந்தது. அவன் வேண்டாம் வேண்டாம் என்று பல்லைக் கடித்தான். அது மூக்கு வழியாக வந்துவிட்டது.

"ம்ம்... ம்ம்ம்..."

அடுத்த வரியின் ராகம். சுருதி சேராமல், நடுங்கிக்கொண்டு, கிழட்டு லாரி கிளம்புவது போல.

செல்லையா ஐயாவின் முகம் வெளிறியது. "முணுமுணுப்பு!"

மன்றத்தார் மூன்று பேரின் விரல்களும் காதுக்குள் போயின. கண்கள் மூடிக்கொண்டன. மணி புனிதா டீச்சர் மடியில் கிடந்தது.

ரூபனுக்குத் தன் விரலையும் செருகிக்கொள்ளத்தான் தோன்றியது. கை பாதி வழி போய்விட்டது. மேடையில் தனுஜா அவனையே பார்த்தாள். அவன் முகத்தில் இப்போது எல்லாமே ஆடிக்கொண்டிருந்தது; புருவம், உதடு, தாடை, எதை நிறுத்துவது என்றே தெரியாமல். அவள் முன்வரிசையைப் பார்த்தாள். மூடிய மூன்று ஜோடிக் கண்களைப் பார்த்தாள். பொன்னாடையை எடுத்து ஒலிவாங்கித் தண்டில் மாட்டினாள்.

பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

*போன வெளிச்சம் திரும்பி வந்து கதவு தட்டுமா...*

பின்வரிசை அம்மா வாயிலிருந்த முந்தானையை எடுத்தார். யாரோ தொடையில் தாளம் போட்டார்கள், முதலில் திருடுவது போல, அப்புறம் நன்றாகவே. பலகுரல் கலைஞர் மூலையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ரூபன் மட்டும் பாட்டை ஒரு காதாலும், மணியை ஒரு காதாலும் கேட்டுக்கொண்டிருந்தான். எந்த நொடியிலும் அது அடிக்கலாம். அடித்தால் என்ன ஆகும் என்று அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முட்டி இரண்டும் துப்புத்தொட்டியில் மோதித் தடதடத்தன. அதுவும் தாளத்தில்தான் விழுந்தது.

பாட்டு முடிந்தது. மணி அடிக்கவில்லை.

சனங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சாவு வீட்டிலிருந்து கிளம்புவது போல ஒவ்வொருவராக வெளியேறினார்கள். வேலாயி அக்கா துடைப்பத்தோடு முன்வரிசைவரை வந்தார். மூவரையும் பார்த்தார். புனிதா டீச்சரின் தோள்வரை கையைக் கொண்டுபோனார். என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டு அவர்கள் காலைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போய்விட்டார்.

வெளியே பனியில் தனுஜா காத்திருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள்.

ரூபன் திரும்பி மண்டபக் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "நல்லா இருந்துச்சு. ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்குச்சு."

"பயத்துல பாடினா வாங்காதா?"

"நானும் பயத்துலதான் கேட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் மண்டபத்தின் பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனார்கள். கண்ணாடியில் பனி படிந்திருந்தது. ரூபன் சட்டைக் கையால் ஒரு கோப்பை அளவு துடைத்தான்.

மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"போய்ச் சொல்லிரலாமா?" என்றான் ரூபன். "கை வலிக்கும்."

"சொன்னா விரலை எடுப்பாங்க. எடுத்தா ஒங்களைத்தானே மொதல்ல கேப்பாங்க?"

அவன் துடைத்த வட்டத்தில் மறுபடியும் கண்ணை வைத்தான். புனிதா டீச்சரின் விரல்கள் அடிவரை காதுக்குள் புதைந்திருந்தன. கிராணியின் விரல்களும் அப்படியே. செல்லையா ஐயாவின் வலது விரல் மட்டும் காதின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு தேயிலை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு.

ஐயா கண்ணைத் திறந்தார். யாரும் இல்லாத மேடையைப் பார்த்தார். ஒலிவாங்கித் தண்டில் தொங்கிய பொன்னாடையைப் பார்த்தார். பக்கத்தில் இருவரும் கண்மூடி இருக்கிறார்களா என்று ஒருமுறை, இரண்டுமுறை, திருடனைப் போல உறுதி செய்துகொண்டார். துப்புத்தொட்டி அவர் காலடியிலேயே இருந்தது. அவர் குனியவில்லை.

அவருடைய தொண்டைக்குழி மெல்ல மேலே ஏறி, கீழே இறங்கியது.